குனி, தல மூடு, பிடி

2011இல் இடுக்கி மாவட்டத்தில் அடுத்தடுத்து நிலம் அதிர்ந்ததே, அதில் ஒன்று பள்ளி நேரத்தில் வந்தது. நான் வேலையில் சேர்ந்து இரண்டாவது வருஷம். பீர்மேடு தாலுகாவில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளி. தமிழ் மீடியம் ஒரு வரிசை, மலையாளம் மீடியம் எதிர் வரிசை, நடுவில் முற்றம். நாலாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். முதலில் லாரி ஏறி வருவது போல ஒரு உறுமல். அப்புறம் ஜன்னல் கம்பிகள் நடுங்கின. பீரோவின் தலையில் அடுக்கியிருந்த ஸ்லேட்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு நொடிதான் இருக்கும். “ஓடுங்க! வெளியே ஓடுங்க!” என்று கத்தினேன்.

முப்பத்திரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். எங்கள் வகுப்புக்கு இரட்டைக் கதவு. இடது பக்கக் கதவு நான் சேர்ந்த நாள் முதலே மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டுத்தான் கிடந்தது. காற்றில் அடிக்கிறது என்று யாரோ எப்போதோ போட்ட தாழ்ப்பாள். பாதி வாசலில் முப்பத்திரண்டு பேர். படியில் ஒரு பெண் குழந்தை விழுந்தாள், அவள்மேல் நாலைந்து பேர் விழுந்தார்கள். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அவள் அம்மா ஓடி வந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “பூமி குலுங்குனா நீங்க என்ன டீச்சர் பண்ணுவீங்க” என்று அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார்.

அன்று எங்கள் பள்ளியில் ஒரு ஓடு விழவில்லை. சுவரில் ஒரு கீறல் இல்லை. உடைந்தது அந்தக் கை மட்டும். அது நான் போட்ட சத்தத்தால் உடைந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதை வேறு மாதிரி சொல்லிப் பார்க்க எனக்கு வரவில்லை.

இத்தனைக்கும் நில அதிர்வு எனக்குப் புதிதில்லை. 2000 டிசம்பர் 12ஆம் தேதி காலையில் கோட்டயம் ஜில்லா ஈராட்டுபேட்டைப் பக்கம் மையம் கொண்டு 5 ரிக்டர் அளவில் ஒரு அதிர்வு வந்தது. நான் அப்போது பத்தாம் வகுப்பு. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், அலமாரிப் பலகையிலிருந்த பாத்திரமெல்லாம் கலகலவென்று இறங்கின. “பூமாதேவி புரண்டு படுக்கிறா” என்றாள் பாட்டி. அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினார், நாங்கள் பின்னால் ஓடினோம். ஓடிப் போய் எல்லோரும் நின்ற இடம் கூரை ஓரத்துக்கு நேர் கீழே. 2001 ஜனவரி 7ஆம் தேதி மறுபடி ஒன்று. மறுபடியும் ஓட்டம். மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஜனவரி 26 அன்று குஜராத்தில் பூஜ் நிலநடுக்கம். அஞ்சார் என்ற ஊரில் குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மேல், குறுகிய தெருவின் இரண்டு பக்கமும் இருந்த கட்டடங்கள் சரிந்தன. 185 பிள்ளைகளும் 20 ஆசிரியர்களும் போனார்கள். நானும் அன்று காலை கொடியேற்றத்துக்கு வெள்ளை ரிப்பன் கட்டிக்கொண்டு போனவள்தான். அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்களுக்குத் தெரிந்தது ஓடுவது ஒன்றுதான். பத்து வருஷம் கழித்து டீச்சராக நின்றபோது என் வாயில் வந்ததும் அதுதான்.

கை முறிந்த மறுவாரமே பாடம் எடுக்க ஆரம்பித்தேன். அதிலும் முதலில் தப்புதான் செய்தேன். பூஜ், லாத்தூர் படங்களை எடுத்து ஒட்டி, இத்தனை பேர் செத்தார்கள், இத்தனை வீடு போயிற்று என்று ஒரு மணி நேரம் பேசினேன். பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். பாடம் நன்றாகப் போயிற்று என்று நினைத்தேன். மறுநாள் காலையில் ஒரு அம்மா வாசலில் நின்றார். “டீச்சர், பிள்ளை ராத்திரி பூரா தூங்கல. டேம் உடைஞ்சிருமா, டேம் உடைஞ்சிருமான்னு கேட்டுக்கிட்டே கெடக்கு.”

நான் அணையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் எங்கள் ஊரில் நிலநடுக்கம் என்று வாயெடுத்தாலே பேச்சு முல்லைப் பெரியாறுக்குப் போய்விடும். 1895இல் சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் கலந்து கட்டி முடித்த அணை. அதன் தண்ணீரில் விவசாயம் பார்க்கிற தேனி, கம்பம் பக்கம் எங்கள் மாமா, சித்தப்பா, கட்டிக்கொடுத்த அக்கா எல்லாரும் இருக்கிறார்கள். அணைக்குக் கீழே ஆற்றோரம் நாங்கள் இருக்கிறோம். 2011 கடைசியில் அந்த அணை விவகாரத்தில் குமுளி எல்லையில் பதற்றம் வந்தபோது ஒரே குடும்பத்தில் இரண்டு பக்கமும் அழுதார்கள். அந்த வழக்கை வகுப்பறைக்குள் கொண்டுவருவதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். ஆனால் பிள்ளையின் பயம் வகுப்பறைக்குள் தானே வந்து உட்கார்ந்திருக்கிறது, அதை என்ன செய்வது?

ஒரு நாள் வெள்ளைத்தாள் கொடுத்து, “நிலநடுக்கம் வந்தால் என்ன நடக்கும், வரையுங்கள்” என்றேன். முப்பத்திரண்டு தாளில் இருபத்தேழில் அணை. உடைந்த அணை, வெள்ளம், மிதக்கும் மாடு, ஹெலிகாப்டர். மீதித் தாள்களில் விரிந்த பூமி, அதற்குள் விழும் மனிதர்கள். எங்கள் வகுப்பறையை யாருமே வரையவில்லை. தலைக்கு மேலே இருக்கிற கூரை ஓடுகளை, பக்கத்தில் நிற்கிற பீரோவை, தாழ்ப்பாள் போட்ட கதவை ஒரு பிள்ளையும் வரையவில்லை. அவர்கள் அறையில் நிலநடுக்கமே வருவதில்லை. அது எங்கோ மேலே, பெரியவர்கள் சண்டை போடுகிற இடத்தில் வருகிறது. ஒரு பத்து வயதுப் பிள்ளையால் அணையை ஒன்றும் செய்ய முடியாது. தான் உட்கார்ந்திருக்கும் அறையை அவளால் நிறையச் செய்ய முடியும். என் பாடம் அந்தத் தாள்களிலிருந்துதான் ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும்.

அணைப் பயத்தை ஒதுக்கவும் இல்லை. “அதைப் பார்த்துக்கொள்ள என்ஜினியர்கள் இருக்கிறார்கள், கோர்ட் இருக்கிறது. நம் வேலை, மேடு எங்கே என்று தெரிந்து வைத்துக்கொள்வது” என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு எதிர்த்திசையில் ஏறும் தோட்டப் பாதையில் நடந்தேன். எவ்வளவு நேரத்தில் ஏறுகிறோம் என்று ஒரு பையன் கையில் வாட்சைக் கொடுத்துக் கணக்குப் பார்த்தோம். ஏறி முடித்ததும் பிள்ளைகள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கேள்விகள் குறைந்தன. நடந்த கால்களுக்குப் பயம் குறைகிறது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் அறைக்குத் திரும்பினோம்.

உலகம் முழுவதும் சொல்லித் தருவது மூன்று செயல்: தாழ்ந்து மண்டியிடு, தலையையும் கழுத்தையும் மூடிக்கொள், ஒளிந்திருக்கும் மேசையைப் பிடித்துக்கொள். எங்களுக்கு ஒரு சிக்கல். எதிர் வரிசை மலையாளம் மீடியம். விளையாட்டு நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் பிள்ளைகள் கலந்துதான் இருப்பார்கள். நான் தமிழில் கத்தினால் அங்கே பாதி பிள்ளைக்கு ஏறாது, அவர்கள் மலையாளத்தில் கத்தினால் புதிதாக வந்த எங்கள் பிள்ளைகள் முழிக்கும். மூத்த மலையாளம் டீச்சரிடம் போய் உட்கார்ந்தேன். இருவரும் வார்த்தை தேடினோம். ‘குனி’ இரண்டு மொழியிலும் குனிதான். ‘பிடி’ இரண்டிலும் பிடிதான். ‘மூடு’ என்றேன். “அது வேண்டா மோளே” என்றார் சேச்சி. மலையாளத்தில் மூடு என்றால் அடிப்பக்கம், உட்காரும் இடம் என்றும் பொருள் உண்டு, பிள்ளைகள் சிரித்துவிடும். “தல மூடு என்று சேர்த்துச் சொல்” என்றார். தல அவர்களுக்கும் தலைதான். குனி, தல மூடு, பிடி. அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் பள்ளியில் இதுதான். எல்லைப் பக்கப் பள்ளிகளில் இருக்கும் ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான்: உங்கள் முற்றத்தில் எத்தனை மொழி இருக்கிறதோ அத்தனைக்கும் புரிகிற ஒரு வார்த்தையைப் பிடியுங்கள். வட இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது எங்களிடமும் படிக்கிறார்கள். அவர்களுக்குச் செய்து காட்டுகிறோம். செய்கைக்கு மொழி வேண்டாம்.

ஏன் ஓடக்கூடாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வைத்தேன். பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி, முன்னால் நிற்பவர் தோளில் கை வைக்கச் சொன்னேன். கடைசியில் நின்றவனை லேசாக முன்னால் தள்ளினால் அந்தத் தள்ளல் சட்டென்று முதல் பிள்ளைக்குப் போய்விடுகிறது. பக்கவாட்டில் ஆட்டினால் மெதுவாகப் போகிறது, ஆனால் ஆளைச் சாய்த்துவிடுகிறது. நிலத்துக்குள்ளும் அப்படித்தான். வேகமான அலை முதலில் வரும்; உறுமலும் லேசான நடுக்கமும் அதுதான். பக்கவாட்டில் ஆட்டும் அலை பின்னால் வரும். சேதம் பெரும்பாலும் அதனால்தான். இரண்டுக்கும் இடையில் சில நொடிகள் கிடைக்கலாம், மையம் பக்கத்தில் இருந்தால் அதுவும் கிடைக்காது. அந்தச் சில நொடியில் முப்பத்திரண்டு பேர் ஒரு வாசலைத் தாண்ட முடியாது, ஆனால் முப்பத்திரண்டு பேரும் குனிந்துவிட முடியும். தாண்டிப் போகிறவர்களும் எங்கே போய் நிற்பார்கள்? ஓடுகள் முதலில் சரிவது கூரை ஓரத்தில், இறவாரத்தில்தான். ஆட்டம் நிற்கும்வரை குனிந்திருக்க வேண்டும், நின்ற பிறகு நடந்து வெளியேற வேண்டும்.

யாராவது சொல்லட்டும், மணி அடிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பதையும் கற்றுக்கொடுத்தேன். ஒத்திகை நாளில் மணி அடிக்கிறோம். உண்மையில் வரும்போது யாரும் மணி அடிக்கப் போவதில்லை. உறுமலே மணி.

மேசை விஷயத்தில் ரொம்ப நாள் குழம்பினேன். படத்தில் காட்டுவது போல ஒரு பிள்ளைக்கு ஒரு மேசை எங்களிடம் இல்லை. ஐந்து பேர் உட்காரும் நீள டெஸ்க், கீழே கால் வைக்கும் குறுக்குக் கட்டை. பிள்ளைகளை விட்டே புகுந்து பார்க்கச் சொன்னேன். மூன்று பேர் முழுசாகப் போனார்கள், இரண்டு பேருக்கு இடம் இல்லை. கடைசியில் பெஞ்சுக்கும் டெஸ்குக்கும் நடுவே மண்டியிட்டு, தலையை மட்டும் டெஸ்குக்குக் கீழே நுழைத்து, புத்தகப் பையைப் பின்கழுத்தில் வைத்துப் பிடிப்பது என்று முடிவு செய்தோம். முழு உடம்பும் மறையாவிட்டாலும் தலையும் கழுத்தும் மறைய வேண்டும். ஒன்றாம் வகுப்பில் டெஸ்க் கிடையாது. அவர்களுக்கு பீரோவும் ஜன்னலும் இல்லாத உள்சுவர் ஓரம், முழங்கால், கை இரண்டும் பின்கழுத்தில். காலைத் தாங்கும் காலிப்பர் போட்டு நடக்கும் ஒரு பையன் இருந்தான். அவன் தரையில் இறங்க நேரம் ஆகும். உட்கார்ந்த இடத்திலேயே முன்னால் கவிழ்ந்து தலையை மூடிக்கொள்வான், ஆட்டம் நின்றதும் இரண்டு நண்பர்கள் அவனோடு வருவார்கள். அந்த இருவரையும் அவனே தேர்ந்தெடுத்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். டெஸ்க் காப்பாற்றுவது விழுகிற பொருளிலிருந்து. சுவரே விழுந்தால் டெஸ்க் போதாது. 1993இல் லாத்தூரில் அத்தனை பேர் இறந்ததற்கு மண் சாந்து வைத்துக் கட்டிய கனத்த கல் சுவர்கள் பெரிய காரணம். அதனால் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுக் கட்டடத்தை மறந்துவிடக் கூடாது. 2008 மே மாதம் சீனாவின் சிச்சுவானில் எத்தனையோ பள்ளிகள் இடிந்தன. சாங்சாவ் என்ற ஊரில் ஒரு பள்ளி தப்பியது. அதன் தலைமை ஆசிரியர் வருஷக்கணக்கில் அலைந்து பணம் திரட்டிக் கட்டடத்தைப் பலப்படுத்தியிருந்தார், ஒத்திகையும் தவறாமல் நடத்தியிருந்தார். 2,300 பிள்ளைகள் 1 நிமிடம் 36 நொடியில் மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இந்தக் கதையை நான் எங்கள் பிடிஏ, அதாவது பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் சொன்னேன். ஒத்திகைக்கு எல்லோரும் தலையாட்டினார்கள், கட்டடம் என்றதும் பேச்சு அடங்கிவிட்டது. அப்போது ஒரு தாத்தா எழுந்தார். “கும்பகோணத்துல 94 பிள்ளைங்க போனப்பறம்தான் கீத்துக் கொட்டாயைப் பிரிச்சாங்க. நாமளும் அதுமாதிரி காத்திருக்கணுமா?” அதற்கு மேல் யாரும் மறுத்துப் பேசவில்லை.

கேரளத்தில் ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறப்பதற்கு முன் கட்டடத்துக்கு ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்க வேண்டும். பெற்றோர் அதைக் கேட்டுப் பார்க்கலாம். என்ஜினியர் வரும்போது பிடிஏயிலிருந்து இருவர் கூட நடந்தால், கண்ணில் படுவது கூடும்.

பணம் வேண்டாத வேலைகளை அதற்கு முன்பே தொடங்கிவிட்டோம். ‘எது விழும்’ என்று ஒரு விளையாட்டு. பிள்ளைகள் ஜோடி ஜோடியாக அறையைச் சுற்றி வந்து, விழக்கூடிய ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் பெருக்கல் குறி போட வேண்டும். டீச்சர் கண்ணுக்குப் படாததெல்லாம் அவர்களுக்குப் பட்டது, ஏனென்றால் அவர்கள் உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே தலைக்கு மேலேதான் இருக்கிறது. பீரோவின் தலையில் இருந்த ஸ்லேட்டுக் கட்டு, குளோப், உடைந்த ஆர்மோனியம். கண்ணாடி போட்ட காந்தி படம். ஒரு கம்பியில் தொங்கிய டியூப்லைட். வராந்தாவில் தொட்டிச் செடிகள். ஒரு சிறுமி கதவின் தாழ்ப்பாளில் போய்ப் பெருக்கல் குறி போட்டாள். அது விழாதே என்றேன். “நாங்கதான டீச்சர் விழுந்தோம்” என்றாள்.

பாரமானதெல்லாம் கீழ்த்தட்டுக்கு இறங்கியது. ஆசாரி ஒருவர் வந்து, எல் வடிவ இரும்புத் துண்டு வைத்து பீரோக்களைச் சுவரோடு போல்ட் போட்டார், அரைநாள் வேலைதான். காந்தி படம் கண்ணாடி இல்லாமல் லேமினேட் ஆயிற்று. கதவின் இரண்டு பக்கத்தையும் காலையில் திறந்து கொக்கி மாட்டுவது வகுப்பு லீடரின் முதல் வேலை. அதில் மட்டும் நான் கறார். பல பள்ளிகளுக்குப் போயிருக்கிறேன், போன இடமெல்லாம் முதலில் பார்ப்பது அந்த இரண்டாவது கதவைத்தான்.

முதல் ஒத்திகை பெரிய கலவரம். ஏழு நிமிடம் ஆயிற்று, மைதானத்தில் எண்ணினால் ஒரு பிள்ளை குறைகிறது. வருகைப் பதிவேடு ஆபீஸ் மேசையிலேயே இருக்கிறது. யார் இல்லை என்று கண்டுபிடிக்கவே இன்னும் ஐந்து நிமிடம். கழிப்பறையில் இருந்தான் அந்தப் பையன். மணிச் சத்தம் கேட்டுப் பள்ளி விட்டாயிற்று என்று நினைத்து நிதானமாகக் கை கழுவிக்கொண்டிருந்தான். அதிலிருந்து மூன்று மாற்றம். ஒத்திகைக்குப் பழைய தண்டவாளத் துண்டை விடாமல் அடிப்பது, பள்ளி விடும் மணி வேறு. வெளியே போகும் பிள்ளை தன் நம்பர் அட்டையைக் கதவோர ஆணியில் மாட்டிவிட்டுப் போவது. வகுப்புப் பட்டியலின் நகல் ஒன்று கதவுப் பக்கத்துப் பையில் எப்போதும் இருப்பது. அந்தப் பையில் பெற்றோர் போன் நம்பர், விசில், டார்ச், பஞ்சு, கட்டுத்துணி, பெரிய பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்பு எதற்கு என்று மற்ற ஊர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் மழையில் மைதானத்தில் பிள்ளைகளை அரை மணி நேரம் நிறுத்தினால் புரியும்.

ஆட்டம் எவ்வளவு நேரம் என்பதற்கு வாய்ப்பாடு சொல்ல வைத்தோம். குனிந்தபடியே ஆறாம் வாய்ப்பாடு முழுக்க. நேரமும் கணக்காகிறது, குரலும் நடுங்காமல் நிற்கிறது. கடைசி பெஞ்சுப் பையன்கள் டெஸ்கைக் குலுக்குவார்கள், அது அவர்களுக்குப் பிடித்த வேலை. எழுந்து நடக்கும்போது மட்டும் பேச்சு கிடையாது. ஜப்பானியப் பள்ளிகளில் நாலு விதி சொல்லித் தருவார்கள். தள்ளாதே, ஓடாதே, பேசாதே, திரும்பிப் போகாதே. நான்காவதுதான் கஷ்டம். புது டிபன் பாக்ஸை விட்டுவிட்டு வர எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? அதனால் சில ஒத்திகைகளில் வேண்டுமென்றே சாப்பாட்டு நேரத்தில் மணி அடித்தோம்.

பள்ளிச் சமையல் நடக்கும் கஞ்சிப்புரையை நான் மறந்தே போயிருந்தேன். ஞாபகப்படுத்தியவர் சமைக்கும் சேச்சிதான். “அடுப்பை அணைக்கணுமா, ஓடணுமா?” நியாயமான கேள்வி. கொதிக்கிற சாம்பார் அண்டாவிலிருந்து முதலில் விலகி நின்று தலையை மூடு, ஆட்டம் நின்றதும் ரெகுலேட்டரை மூடு, அப்புறம் வெளியே வா என்று முடிவு செய்தோம். பரிமாறும் வரிசை அதற்கு முன்பு அடுப்படி வாசல்வரை நீண்டு நிற்கும். அதை வராந்தாவின் மறுகோடிக்கு மாற்றினோம். நிலநடுக்கம் வராவிட்டாலும் இது தேவைதான்.

வாட்ஸ்அப் வந்த பிறகு புதிதாக ஒரு தொல்லை. மேசைக்கு அடியில் போகாதே, பீரோவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள், அங்கே முக்கோணமாக இடம் கிடைக்கும் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. எங்கள் ஆசிரியர் ஒருவரே நம்பிக்கொண்டு வந்தார். போல்ட் போடாத ஒரு சின்ன புத்தக ரேக்கை அவர் முன்னால் நானும் பியூனும் ஆட்டிக் காட்டினோம். அது எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை, விழுந்த இடத்தில் முக்கோணமும் இல்லை. ‘இன்று இரவு பன்னிரண்டு மணிக்கு நிலநடுக்கம்’ என்று வரும் செய்திகளையும் பிள்ளைகளிடம் நேரடியாகப் பேசிவிடுவேன். நாளும் மணியும் சொல்லி நிலநடுக்கத்தைக் கணிக்க இன்று உலகத்தில் யாராலும் முடியாது. வீட்டில் அப்பா அந்தச் செய்தியைக் காட்டினால் இதைச் சொல்லுங்கள் என்பேன். சொல்லியிருக்கிறார்கள்.

பிள்ளைகள் வழியாக வீட்டுக்குப் போவதுதான் இந்தப் பாடத்தில் பெரிய விஷயம். இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907இல் வந்த ஆழிப்பேரலையை மறக்காமல், நிலம் பலமாகக் குலுங்கி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று பாட்டிகள் தாலாட்டாகப் பாடிவந்தார்கள். ஸ்மோங் என்பது அதற்கு அவர்கள் வைத்த பெயர். 2004 டிசம்பரில் அந்தத் தீவில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், இறந்தவர்கள் ஏழு பேர். இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நாமும் பாட்டுப் போடலாம் என்றார்கள். மூன்று வார்த்தையையும் வைத்துக் கும்மி மெட்டில் அவர்களே கட்டினார்கள். மலையாளம் பிள்ளைகளும் சேர்ந்து பாடுகிறார்கள்.

லயத்துக்கு என்ன சொல்வது என்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. பழைய கல் சுவர், தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அங்கே சுவரைப் பலப்படுத்து என்று பிள்ளையிடம் சொல்ல முடியாது, தொழிலாளியாலும் அது முடியாது. அது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. பிள்ளையால் முடிந்ததைச் சொன்னேன். படுக்கிற இடத்துக்கு மேலே பரணில் விறகும் பித்தளை அண்டாவும் வேண்டாம். தலைமாட்டில் செருப்பும் டார்ச்சும். வாசல் ஒட்டி நின்று, வெளியே திறந்த இடமாக இருந்து, இரண்டே எட்டில் போக முடிந்தால் போ. உள்ளே படுத்திருந்தால் எழுந்து ஓடாதே, தலையணையால் தலையை மூடு. ஜீப்பில் வந்துகொண்டிருந்தால், வெட்டிய மண் திட்டுக்கு அடியில் வண்டியை நிறுத்த வேண்டாம் என்று டிரைவர் மாமாவிடம் சொல். மழைக்காலத்தில் அதிர்வு வந்தால் சரிவையும் ஓடையையும் பார். ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, காரணமில்லாமல் குறைந்தாலோ, மேலே மண் அசைகிறது. பெரியவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடைக்கு விலகிப் போ.

இதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்கடியில் போனபோது 70 பேர் இறந்தார்கள். எங்கள் சனங்கள். அது மழையால் வந்த நிலச்சரிவு, நிலநடுக்கம் இல்லை. ஆனால் அன்று கரண்ட் இல்லை, போன் இல்லை, விஷயம் வெளியே தெரிய மறுநாள் காலை ஆயிற்று. வெளியிலிருந்து யாராவது வந்து சேரும்வரை அந்த மண்ணில் நின்றவர்கள் தாங்களேதான் தேடினார்கள். அதனால் அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் விடாமல் சொல்லித் தருகிறேன். கத்தித் தொண்டையையும் மூச்சையும் வீணாக்காமல், வாயைத் துணியால் மூடி, கல்லாலோ கரண்டியாலோ மூன்று மூன்றாகத் தட்டு. பெரிய வகுப்புப் பிள்ளைகள் விசிலைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறார்கள்.

சில வருஷம் கழித்து, பிள்ளை தூங்கவில்லை என்று வந்து நின்ற அந்த அம்மாவே மறுபடி வந்தார். “கொழுந்துக் காட்டுல நிக்கும்போது வந்தா நாங்க என்ன டீச்சர் பண்றது?” எனக்குப் பதில் தயாராக இல்லை. “அக்கா, நாளைக்குச் சொல்றேன்” என்று அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவரோடு மலைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே கூரை இல்லை, அது நல்லது. ஆனால் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்கள் இருக்கின்றன, மேலே உருண்டு வரக்கூடிய பாறைகள் இருக்கின்றன, முதுகில் கூடை இருக்கிறது. கூடையை இறக்கு, மரத்தையும் பாறைக்குக் கீழ்ப்பக்கத்தையும் விட்டு விலகு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார், தலையைக் கையால் மூடு, செடியைப் பிடித்துக்கொள். பள்ளிக்கு ஓடி வராதே. இந்தக் கடைசி வரிக்குத்தான் அவர் ரொம்ப நேரம் யோசித்தார். எல்லா அம்மாக்களும் ஒரே நேரத்தில் ஒற்றையடிப் பாதையில் ஓடி வந்தால் என்ன ஆகும் என்று பேசினோம். பிள்ளைகளை நாங்கள் எண்ணி, மைதானத்தில் வைத்திருப்போம், தெரிந்த ஆள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அனுப்புவோம் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்குக்காகவே நாங்கள் வருஷத்துக்கு ஒருமுறை பெற்றோரையும் வரவழைத்து ஒப்படைக்கும் ஒத்திகையும் நடத்துகிறோம். அவர் தன் லயத்துப் பெண்களுக்குத் தானே சொல்லிக் கொடுத்தார்.

இப்போது மைதானத்துக்கு வந்து எண்ணி முடிக்க எங்களுக்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக ஆகிறது. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவர் மட்டும் இன்னும் உப்பிக்கொண்டேதான் நிற்கிறது. மூன்று முறை மனு கொடுத்திருக்கிறோம், அளந்துகொண்டு போயிருக்கிறார்கள். அதுவரை அந்தப் பக்கம் விளையாட விடுவதில்லை, கூடும் இடத்தையும் கொடிக்கம்பத்துக்கு முன்னால் மாற்றிவிட்டோம். ஜூனில் பிரவேசனோல்சவம் என்கிற பள்ளி திறப்பு விழா முடிந்த முதல் வாரத்திலேயே முதல் ஒத்திகை. புதிதாகச் சேரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் இரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு ஜோடி. எப்படி மண்டியிடுவது, பையை எங்கே பிடிப்பது என்று அவர்கள்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். போன வருஷம் ஒரு குட்டிப் பையன் வகுப்பு லீடரை இழுத்துக்கொண்டு வந்து என் முன் நிறுத்தினான். “டீச்சர், இந்தக் கதவு இன்னைக்கு ஒரு பக்கம்தான் திறந்திருக்கு.”